மண்சரிவும் பணிவழிப் பயிற்சியும்

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட் காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் பிழைத்தனர். வீட்டிலிருந்தோர் பலர் மாண்டனர். அவ்விடம் ஆபத்தானதெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது.

எச்சரித்தும் அழிவு நேர்ந்தமைக்கு முதற் காரணம், மக்கள் குடிபெயர மாற்று நிலமும் வீடும் உரிய காலத்திற் கிடையாமையே. அக்குறையை எப்பயிற்சியும் ஈடுசெய்யாது. ஆயினும், வீடு கிடைக்கும்வரை அச்சரிவிலேயே வாழ்வோர் மழையிரவில் உயிரோடு வெளியேறுவது பயிற்சியைப் பொறுத்ததாகும்.

மேற்படி நிறுவனம் வகுத்த அளவுகள் எளியவை. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்யின் விழிப்பு. 100 ஆயின் எச்சரிக்கை. 150 ஆயின், அல்லது ஒரு மணி நேரத்திலேயே 75 பெய்யின், வெளியேற்றம். நிலவெடிப்பு, மரஞ் சாய்தல், ஊற்றுநீர் திடீரெனக் கலங்குதல் ஆகியன பிற அறிகுறிகள். இவற்றை ஒரு பிற்பகற் சொற்பொழிவில் அறிவித்துவிடலாம். ஆனால் நள்ளிரவில் விளக்குடன் சென்று மழைமானியைப் பார்ப்பவர் யார்? அவர் சொல்லை நம்பி, கைக்குழந்தையோடும் முதியோரோடும் எவ்வழியாக வெளியேறுவது? செய்து பழகினாலன்றி இவை கைகூடா. தோட்டக் காரியாலயங்களில் மழையளவைக் குறித்துவைப்பது நெடுநாளைய வழக்கம். அளக்குங் கை உண்டு. அளவைக் கண்டதும் லயத்தை எழுப்பும் அதிகாரத்தையும் அதே கைக்கு அளித்தல் வேண்டும்.

2018ஆம் ஆண்டில் ஊவாவுக்கு விரிந்த ‘1990’ சுவசெரிய அம்புலன்சுச் சேவை இங்கு ஒப்புநோக்கத் தக்கது. அதன் மருத்துவ உதவியாளர் முன்னரே பயின்றவர்; எனினும் வண்டி ஏறாத லயப்பாதையில் நோயாளியைத் தூக்கிவரும் முறையைப் பாதையே கற்பிக்கின்றது. நாடோறும் அழைப்பு வருதலால் அவர் கைத்திறன் மங்குவதில்லை. மண்சரிவோ ஆண்டுக்கணக்கில் வாராதிருந்து, ஓரிரவில் வந்துவிடும். ஆகவே, நாளாந்தப் பணி தராத பழக்கத்தை ஒத்திகையே தருதல் வேண்டும். அதுவும் பருவமழைக்கு முன், சிலவேளை இரவில், அவ்வத் தோட்டத்திலேயே நடைபெற வேண்டும்.

பதுளை நகர மண்டபத்திற் கூட்டம் நடத்துவது இலகு. தோட்டத்தில் நடத்துவதற்கு இடையூறு கூலியேயாம். பயிற்சிக்குச் செல்லும் தொழிலாளிக்கு அன்றைய பேர் இடப்படாவிடின், அரைப்பேரும் இழக்கவியலாத குடும்பம் அவரை அனுப்பமாட்டாது.