மொட்டைக் காக்கும் கரங்கள்

பறித்து விற்ற கைகளே ஒரு பூவைப் பாதுகாக்கத் தொடங்கிய கதையை நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? நமது மலேசியாவின் பேராக் மாநிலத்தில், கோப்பெங்கை அடுத்த மலைச்சாரலில், உலு கெரோ என்னும் கிராமத்தில் வாழும் செமாய் பூர்வகுடி மக்கள், முன்னொரு காலத்தில் ராஃப்லேசியா என்னும் பூவின் மொட்டுகளை நாட்டு மருந்துக்கென்று பறித்தும், கறுப்புச் சிறகில் பச்சை ஒளிரும் ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சிகளைச் சேகரிப்போருக்கென்று பிடித்தும் விற்று வந்தார்கள். இலையும் தண்டும் இன்றி ஒரு காட்டுக்கொடிக்குள்ளேயே மறைந்து வாழ்ந்து, முட்டைக்கோஸ் போன்ற மொட்டாகப் பல மாதங்கள் பொறுத்திருந்து, மலர்ந்தபின் ஏறக்குறைய ஒரு வாரத்திலேயே கருகிவிடும் அந்த அபூர்வ புஷ்பத்தை, மலேசிய இயற்கைக் கழகத்தின் ஒத்தாசையோடு தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்ட அதே மக்கள், இன்று கண்ணின் மணியெனக் காத்து, காண வரும் பிரயாணிகளுக்கு வழிகாட்டி ஜீவனம் நடத்துகிறார்கள். காட்டின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்தவர்களே அதன் காவலர்களாகவும் ஆனார்கள் என்பதை எண்ணும்போது நெஞ்சு நிறைகிறது. அவ்வனத்துக்கு நீங்கள் செல்ல நேர்ந்தால், வழிகாட்டியின் பின்னாலேயே, காலடியைப் பார்த்து நடந்து செல்லுங்கள்; அந்த மொட்டு, உதிர்ந்த சருகுகளுக்கு நடுவே, தரையோடு தரையாகத்தான் கிடக்கும்.