எபிக்டீடஸைப் படித்த விமானி

மேலாண்மைப் புத்தகங்கள் படிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு 'ஸ்டாக்டேல் முரண்' என்ற சொற்றொடர் அறிமுகமாகி இருக்கும். ஜிம் காலின்ஸ் 2001-ல் வெளியிட்ட 'குட் டு கிரேட்' என்ற புத்தகத்தின் மூலம் பிரபலமான கருத்து இது. கடைசியில் மீண்டு வருவோம் என்ற நம்பிக்கையை இழக்கவும் கூடாது, இன்றைய நிலைமை எவ்வளவு மோசம் என்பதைப் பார்க்க மறுக்கவும் கூடாது என்பது அதன் சாரம். கணிப்பொறித் துறையில் இருப்பவர்கள் யாராவது ஒரு பயிற்சி வகுப்பில், பவர்பாயிண்ட் பக்கம் ஒன்றில், இதைப் பார்த்திருப்பார்கள். நானும் அப்படித்தான் கேள்விப்பட்டேன். பிறகு அவர் எழுதியவற்றையும் அவரைப் பற்றி எழுதப்பட்டவற்றையும் தேடிப் படித்தபோது, அந்த ஒற்றைப் பக்கத்தில் அடங்குகிற ஆள் இல்லை இவர் என்று தெரிந்தது. தலைமை என்றால் என்ன, நிபுணர்களை எப்போது நம்பலாம், எதைப் படிப்பது பயனுள்ளது என்ற மூன்று கேள்விகளும் இவர் வாழ்க்கையில் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கின்றன.

ஜேம்ஸ் ஸ்டாக்டேல் 1923-ல் இல்லினாய் மாநிலத்தின் அபிங்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் படித்து விமானியானார். பிறகு சோதனை விமானியாகவும் பயிற்சி பெற்றார். சோதனை விமானி என்றால் கிட்டத்தட்ட பறக்கிற பொறியாளர் என்று சொல்லலாம். முப்பதுகளின் பிற்பகுதியில் இருந்த அவரைக் கடற்படையே சர்வதேச உறவுகளில் முதுகலை படிக்க ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி வைத்தது. அங்கே தத்துவத் துறையில் பிலிப் ரைன்லேண்டர் என்ற பேராசிரியர் நன்மை, தீமை பற்றி ஒரு பாடம் நடத்திக் கொண்டிருந்தார். பைபிளில் வரும் யோபுவின் கதையிலிருந்து தொடங்கும் பாடம் அது. நல்லவனுக்கு ஏன் கெட்டது நடக்கிறது? நடக்கும், வாழ்க்கை நியாயமாக நடந்து கொள்ளும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை என்பதுதான் முதல் பாடம்.

1962-ல் படிப்பு முடிந்து விடைபெறப் போனபோது ரைன்லேண்டர் அவர் கையில் ஒரு சின்னப் புத்தகத்தைக் கொடுத்தார். எபிக்டீடஸின் 'என்கைரிடியன்'. 'கைப்புத்தகம்' என்று அர்த்தம்.

எபிக்டீடஸ் கி.பி. முதல் நூற்றாண்டில் இன்றைய துருக்கிப் பகுதியில் பிறந்த அடிமை. கால் ஊனமானவர். ரோமில் நீரோ மன்னனின் செயலாளர் ஒருவருக்கு அடிமையாக இருந்து, விடுதலை பெற்று, பின்னாளில் கிரேக்கத்தில் நிகோபோலிஸ் என்ற ஊரில் பள்ளி நடத்தியவர். அவர் எதையும் எழுதி வைக்கவில்லை; அரியன் என்ற மாணவர் குறித்து வைத்ததுதான் நமக்குக் கிடைக்கிறது. அவருடைய அடிப்படைக் கருத்து எளிமையானது. உலகத்தில் உள்ளவற்றை இரண்டாகப் பிரிக்கலாம். நம் தீர்மானங்கள், விருப்பு வெறுப்புகள், எதற்கு இணங்குகிறோம் எதற்கு மறுக்கிறோம் என்பவை நம் வசம் உள்ளவை. உடல்நலம், சொத்து, பதவி, மற்றவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பவை நம் வசம் இல்லாதவை. இரண்டாவது வகையில் மனதை அடகு வைத்தவன் யாருக்காவது அடிமையாகத்தான் இருப்பான்.

ஒரு போர் விமானிக்கு இது எதற்கு என்று ஸ்டாக்டேலுக்கும் முதலில் புரியவில்லை. இருந்தாலும் கப்பலில் படுக்கைக்குப் பக்கத்தில் அந்தப் புத்தகத்தை வைத்துக் கொண்டு திரும்பத் திரும்பப் படித்தார்.

இனி டோங்கின் வளைகுடா. 1964 ஆகஸ்ட் 2-ம் தேதி வட வியட்நாமின் படகுகள் அமெரிக்காவின் மேடக்ஸ் என்ற போர்க்கப்பலைத் தாக்கின. இது உண்மையாக நடந்தது. இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 4 இரவு, மேடக்ஸும் டர்னர் ஜாய் என்ற இன்னொரு கப்பலும் மறுபடி தாக்கப்படுவதாகச் செய்தி வந்தது. டைகண்டெரோகா என்ற விமானம்தாங்கிக் கப்பலில் படைப்பிரிவுத் தலைவராக இருந்த ஸ்டாக்டேல் தன் க்ரூசேடர் விமானத்தில் கிளம்பிப் போய், கும்மிருட்டில், கடலை ஒட்டித் தாழப் பறந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் தேடினார். அமெரிக்கக் கப்பல்கள் சுட்டுக் கொண்டிருந்தன. ஆனால் எதிரிப் படகு ஒன்றுகூட இல்லை. திரும்பி வந்து அதையே சொன்னார்.

மேடக்ஸில் இருந்த தளபதி ஜான் ஹெரிக்கும் சந்தேகப்பட்டு வாஷிங்டனுக்குச் செய்தி அனுப்பினார். விசித்திரமான வானிலை ரேடாரை ஏமாற்றியிருக்கலாம், சோனார் கருவியில் உட்கார்ந்திருந்தவர்கள் அவசரப்பட்டிருக்கலாம், முழுக்க ஆராயாமல் எதுவும் செய்ய வேண்டாம் என்பது அந்தச் செய்தி. பயன் இல்லை. வாஷிங்டனில் முடிவு எடுத்தாகி விட்டது. மறுநாள் வின் என்ற இடத்தில் எண்ணெய்க் கிடங்குகள் மீது நடந்த பதிலடித் தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவர் வேறு யாருமில்லை, ஸ்டாக்டேலேதான். ஆகஸ்ட் 7-ம் தேதி கீழவையில் 416-0, செனட்டில் 88-2 என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறி, ஜான்சனுக்குப் போரை விரிவாக்கும் அதிகாரம் கிடைத்தது. அந்தப் போரில் 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களும், அதைப்போலப் பல மடங்கு வியட்நாமியர்களும் இறந்தார்கள்.

நடக்காத தாக்குதலுக்குப் பதிலடி என்று தெரிந்தும் ஏன் போனார்? பார்த்ததைச் சொல்லியாயிற்று, உத்தரவு வந்து விட்டது, ராணுவத்தில் இருப்பவன் போகத்தான் வேண்டும் என்பது ஒரு பதில். எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை. ஆனால் அவர் இதை மறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1984-ல் மனைவி சிபிலுடன் சேர்ந்து எழுதிய 'இன் லவ் அண்ட் வார்' புத்தகத்தில் அந்த இரவை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

1965 செப்டம்பர் 9. ஒரிஸ்கனி கப்பலிலிருந்து ஸ்கைஹாக் விமானத்தில் போனவர் வட வியட்நாமில் சுட்டு வீழ்த்தப்பட்டார். பாராசூட்டில் இறங்கும்போது, தொழில்நுட்ப உலகத்தை விட்டு எபிக்டீடஸின் உலகத்துக்குள் போகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக் கொண்டாராம். தரையில் கூட்டம் அடித்ததில் கால் உடைந்தது. எபிக்டீடஸைப் போலவே கடைசி வரை அவருக்கும் ஒரு கால் சரியாகவில்லை. ஏழரை ஆண்டுகள் சிறை. அதில் நான்கு ஆண்டுகள் தனிமையில், இரண்டு ஆண்டுகள் காலில் விலங்கோடு.

ஹனோயின் ஹுவா லோ சிறையில் கடற்படைக் கைதிகளில் அவர்தான் மூத்த அதிகாரி. பார்க்க முடியாது, பேச முடியாது. இருந்த ஒரே வழி சுவரில் தட்டுவது. ஆங்கில எழுத்துகளில் 'கே'-யை விட்டு விட்டு (அதற்குப் பதில் 'சி') மீதி 25 எழுத்துகளை ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் அடுக்க வேண்டும். முதல் தட்டுகள் எத்தனையாவது வரிசை என்று சொல்லும், அடுத்தவை அந்த வரிசையில் எத்தனையாவது எழுத்து என்று சொல்லும். ஒரு தட்டு, பிறகு இரண்டு தட்டு என்றால் 'பி'. வலைப்பின்னல் நெறிமுறைகளோடு பிழைப்பு நடத்துகிற எனக்கு இந்தச் சிக்கனம் வியப்பாக இருந்தது.

இந்தச் சுவர் வழியாகத்தான் அவர் தலைமை தாங்கினார். அங்கே என்ன உத்தரவு கொடுப்பது? கொரியப் போருக்குப் பிறகு 1955-ல் எழுதப்பட்ட ராணுவ நடத்தை விதிகளின்படி, கைதி தன் பெயர், பதவி, எண், பிறந்த தேதி இவற்றை மட்டும் சொல்லலாம். அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் இருக்க முழு சக்தியோடு முயல வேண்டும். ஆனால் கயிற்றால் கட்டி முறுக்கும் சித்திரவதையில் எவரும் உடைந்து போவார்கள் என்பது கொஞ்ச நாளில் தெரிந்து போயிற்று. உடைந்தவன், நான் மட்டும்தான் துரோகி என்று நினைத்து மற்றவர்களிடமிருந்து ஒதுங்கிக் கொண்டான். வலியைக் காட்டிலும் அந்த வெட்கம்தான் சிறை அதிகாரிகளின் பெரிய ஆயுதம் என்று ஸ்டாக்டேல் கண்டுகொண்டார்.

ஆகவே கடைப்பிடிக்க முடிகிற விதிகளை வகுத்தார். பொது இடத்தில் தலை வணங்காதே. வானொலியில் பேசாதே. குற்றம் செய்ததாக ஒப்புக் கொள்ளாதே. விடுதலையாகிப் போகும்போது அவர்களைப் புகழ்ந்து விடைபெறாதே. உன்னை விட நம் ஒற்றுமை பெரிது. இவற்றின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் 'பேக் அஸ்' என்று வரும். இவற்றையும் சித்திரவதை இல்லாமல் மீறக் கூடாது. உடைந்து போனால் பரவாயில்லை, திரும்பி வந்து பக்கத்து அறைக்காரனிடம் சொல்லி விடு. அடுத்த முறை அவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நிறைவேற்ற முடியாத உத்தரவைக் கொடுத்து விட்டு, நிறைவேற்றாதவனைக் குற்றவாளி ஆக்குவது தலைமை இல்லை. நம் அலுவலகங்களில் முடிக்கவே முடியாத தேதிகளைக் குறித்துக் கொடுக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். தன் முறை வந்தபோது அவரும் விலகவில்லை. வெளியாட்களுக்குக் காட்டப் படம் எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், காட்ட முடியாதபடி தன் முகத்தைத் தானே காயப்படுத்திக் கொண்டார்.

இத்தனைக்கும் நடுவில் அவர் மனதில் ஒரு ரகசியம் இருந்தது. ஆகஸ்ட் 4 இரவு எதுவும் நடக்கவில்லை என்பது. அதைப் பிடுங்கி உலகத்துக்குச் சொல்ல வைத்து விடுவார்களோ என்பதுதான் அவருடைய பெரிய பயம். தன் அரசாங்கத்தின் பொய்யைத் தன் உடம்பால் காப்பாற்ற வேண்டிய நிலை. இதை விடக் கசப்பான ஒன்றை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இனி நிபுணர்கள். வெள்ளை மாளிகையையும் பென்டகனையும் சுற்றியிருந்த கெட்டிக்காரர்கள் மேல் ஸ்டாக்டேலுக்கு இருந்த எரிச்சல் அவர் எழுத்தில் பல இடங்களில் தெரிகிறது. பாதுகாப்பு அமைச்சர் மக்னமாராவும் அவரைச் சுற்றியிருந்த பகுப்பாய்வாளர்களும், குண்டு வீச்சைப் படிப்படியாக ஏற்றினால் எதிரி கணக்குப் போட்டுப் பார்த்துப் பணிந்து விடுவான் என்று நம்பினார்கள். எதிரி அப்படிக் கணக்குப் போடவில்லை.

இதை வைத்து ஸ்டாக்டேலை நிபுணர்களை நம்பாதவர் என்று சொல்வது தவறு. விமானம்தாங்கிக் கப்பலில் இரவில் இறங்குகிறவன், தளத்தின் ஓரத்தில் நின்று சைகை தருகிற அதிகாரியின் சொல்லுக்குத் தன் உயிரைக் கொடுக்கிறான். விமானத்தைப் பழுது பார்த்த மெக்கானிக்கை நம்பித்தான் ஏறி உட்காருகிறான். என் புரிதலில் வித்தியாசம் இதுதான்: சைகை தருபவர் பார்க்க முடிகிற இடத்தில் நிற்கிறார், தப்பாகப் போனால் அடுத்த நொடியே தெரிந்து விடும், தளத்தில் விமானம் மோதினால் ஆபத்து அவருக்கும்தான். இந்த மூன்றும் இல்லாத இடத்தில், ஒரு துறையில் சம்பாதித்த பெயரை வைத்து இன்னொரு துறையில் பேசும்போதுதான் உஷாராக வேண்டும். அந்த அளவுகோலில், அன்றிரவு நம்ப வேண்டிய நிபுணர்கள் ஹெரிக்கும் ஸ்டாக்டேலும். (இருட்டில் ஒரு விமானி படகைத் தவற விடலாம் என்பது நியாயமான வாதம். அதனால்தான் ஹெரிக் 'முதலில் ஆராயுங்கள்' என்றார்.)

முதல் செய்தி வேகமாக மேலே போகும், திருத்தம் நொண்டிக் கொண்டுதான் போகும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், கண்காணிப்புத் திரையில் சிவப்பு விளக்கு எரிந்ததும் வாடிக்கையாளர் வரை செய்தி பறந்து விட்டது. சர்வர் நன்றாக இருக்கிறது, அளக்கிற நிரல்தான் கெட்டிருக்கிறது என்று இரவு வேலையில் இருந்த பையன் எழுதிய மின்னஞ்சலை மறுநாள் மதியம் வரை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. அங்கே நஷ்டம் கொஞ்சம் தூக்கம்தான்.

கடைசியாக, படிப்பு. 1973 பிப்ரவரியில் விடுதலையாகி, 1976-ல் நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தைப் பெற்று, 1977-ல் கடற்படைப் போர்க் கல்லூரியின் தலைவரானார். அங்கே அவர் தொடங்கிய பாடம் ஆயுதங்களைப் பற்றியதல்ல, அறக்கடமையின் அடிப்படைகளைப் பற்றியது. ஜோசப் பிரென்னன் என்ற தத்துவப் பேராசிரியருடன் சேர்ந்து நடத்தினார். யோபு, பிளேட்டோ, அரிஸ்டாட்டில், கான்ட், தாஸ்தாயெவ்ஸ்கி, எபிக்டீடஸ் என்று போகிறது படிக்க வேண்டியவற்றின் வரிசை. சிறையில் தனக்கு உதவியது புதுப் புது மனோதத்துவக் கலைச்சொற்கள் அல்ல, பழைய புத்தகங்கள்தான் என்பது அவர் அனுபவம். அந்த அறையில் ஒரு தாள்கூட இல்லை. தலைக்குள் இருந்ததுதான் நூலகம். மனப்பாடத்தைக் கேலி செய்து பழகிய நமக்கு, சின்ன வயதில் உருப்போட்ட குறள்களில் எத்தனை மிஞ்சியிருக்கிறது என்று கேட்டுக் கொள்ள இது ஒரு சந்தர்ப்பம். புத்தகம் கையில் இல்லாதபோதும், கேட்க நிபுணர் இல்லாதபோதும் உதவுவது எதுவோ அதுவே படிக்கத் தகுந்தது என்பதுதான் அவரிடமிருந்து நான் எடுத்துக் கொண்ட விளக்கம்.

எபிக்டீடஸை 'எதையும் கண்டுகொள்ளாமல் இரு' என்று சொல்பவராகச் சுருக்குவது இப்போது நாகரிகமாகி விட்டது. ஸ்டாக்டேல் படித்த எபிக்டீடஸ் அப்படி இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவனைக் கைவிடாமல் இருப்பதும் 'என் வசம் உள்ளவை' பட்டியலில்தான் வருகிறது.

1992-ல் ராஸ் பெரோவின் துணை அதிபர் வேட்பாளராகத் தொலைக்காட்சி விவாதத்துக்கு வந்த ஸ்டாக்டேல், நான் யார், எதற்காக இங்கே இருக்கிறேன் என்ற கேள்விகளோடு பேச்சைத் தொடங்கினார். தத்துவத்தின் மிகப் பழைய இரண்டு கேள்விகள். அமெரிக்கா சிரித்தது. பலருக்கு அவரைப் பற்றி நினைவில் நின்றது அந்தத் தடுமாற்றம் மட்டும்தான். 2005 ஜூலை 5-ம் தேதி கலிபோர்னியாவில் காலமானார். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை, தன் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஹான்யாக் எழுதிய ரகசிய ஆய்வை வெளியிட்டது. ஆகஸ்ட் 4 இரவு எந்தத் தாக்குதலும் நடக்கவில்லை என்கிறது அது. 41 ஆண்டுகளுக்கு முன் விமானத்திலிருந்து இறங்கியவுடன் அவர் சொன்னதும் அதைத்தான்.