இன்ஜின் வேலை முடிந்தும் கார் கிளம்பவில்லையா?

ஆனைக்கரை, குமுளி மலைப் பாதைகளில் ஏறி இறங்கிப் பழகிய கார், அம்பாசிடர். அதன் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. இருந்தாலும் பழைய வண்டியைக் கைவிட மனமில்லாமல், கூலிப் பணத்தைச் சேர்த்துவைத்து, போரிங் செய்து புது பிஸ்டன் போடுகிறவர்கள் உண்டு.

வேலை முடிந்தது. சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றுகிறது, கிளம்ப மறுக்கிறது! கார்புரேட்டரில் "டப்" என்று வெடிக்கிறது.

"மறுபடியும் பிரிக்க வேண்டும்" என்பார்கள். பதற வேண்டாம்.

பிளக்கில் பெட்ரோல் ஈரம் இருக்கிறதா? தீப்பொறி வருகிறதா? இரண்டும் இருந்தால், பொறி வரும் நேரத்தைச் சந்தேகியுங்கள்.

பிஸ்டன் இரண்டு முறை மேலே வருகிறது. ஒரு முறை பெட்ரோல் கலந்த காற்றை அமுக்க. மறுமுறை புகையை வெளியே தள்ள. அமுக்கும்போதுதான் பொறி வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டுகிறவர் ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிட்டால், புகை போகும் நேரத்தில் பொறி வரும்.

கண்டுபிடிப்பது எப்படி?

சாவியை அணைத்து, கியரை நியூட்ரலில் வையுங்கள். முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துளையை விரலால் மேலாக மூடுங்கள். ஒருவர் ஹேண்டிலை மெல்லச் சுற்றட்டும். காற்று விரலைத் தள்ளும். அப்போது புல்லியில் உள்ள குறி நேருக்கு வந்ததும் நிறுத்துங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால், ரோட்டர் முதல் பிளக்கின் வயர் இருக்கும் பக்கம் நிற்க வேண்டும். நேர் எதிரே நின்றால், அதுதான் கோளாறு! நான்கு வயர்களையும் எதிரெதிராக மாற்றிச் செருகுங்கள். ரோட்டர் சுற்றும் திசையில் வரிசை 1-3-4-2.

செலவு இல்லை. பிரிக்கச் சம்மதிக்கும் முன், விரலை வைத்துப் பாருங்கள்!