பயணம் போனா மனசு மாறுமா? ஒரு குலுக்கல் சொன்ன பதில்

ஊர் ஊராப் போய் வந்தா புத்தி விசாலமாகும்னு காலங்காலமா சொல்றோம். நிஜமாவே அப்படியா? அத எப்படிச் சோதிச்சுப் பாக்குறது?

முதல்ல ஒரு ஆளப் பாத்துடுவோம். மால்கம் எக்ஸ். அமெரிக்கக் கறுப்பினத் தலைவர்கள்ல ரொம்பக் காட்டமாப் பேசுனவர். வெள்ளைக்காரங்க சாத்தானுங்கன்னு போதிச்ச 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' இயக்கத்தோட முகமாவே பல வருஷம் இருந்தார். 1964 ஏப்ரல்ல ஹஜ்ஜுக்குப் போறார். அங்க நீலக் கண்ணும் வெள்ளைத் தோலுமா இருக்குற முஸ்லிம்களோட ஒரே தட்டுல சாப்பிடுறார், தோளோட தோள் சேர்ந்து தொழறார். பழைய எண்ணங்கள மாத்திக்க வேண்டியதாப் போச்சுன்னு மக்காவுல இருந்தே கடிதம் எழுதுறார்.

இதவிட நல்ல சாட்சி வேணுமான்னு தோணும். ஆனா மார்ச் மாசமே அவர் அந்த இயக்கத்த விட்டு வெளிய வந்துட்டார். அப்போ மக்கா அவர மாத்துச்சா, இல்ல மாறிக்கிட்டிருந்த ஆளுதான் மக்காவுக்குப் போனாரா? ஒத்த ஆளோட கதைய வச்சு இதுக்குப் பதில் சொல்ல முடியாது.

கூட்டமா எடுத்தாலும் இதே சிக்கல்தான். பயணம் போறவங்க யாரு? கையில காசு, ஆபீஸ்ல லீவு, புதுசா எதையாவது பாக்கணும்ங்கிற ஆசை, இதெல்லாம் ஏற்கெனவே இருக்குறவங்க. அவங்கள வீட்டோட இருக்குறவங்களோட ஒப்பிட்டு 'பாத்தீங்களா பயணத்தோட மகிமைய'ன்னு சொன்னா, நல்லாப் படிக்கிற பசங்களாப் பொறுக்கிச் சேத்துக்கிட்டு 'எங்க ஸ்கூல் ரிசல்ட்டப் பாருங்க'ன்னு பேனர் கட்டுற மாதிரிதான்.

சரியான சோதனைன்னா, ஆசப்படுற எல்லார் பேரையும் எழுதிச் சீட்டு குலுக்கணும். விழுந்தவங்கள அனுப்பணும், விழாதவங்கள நிறுத்தணும். இப்படி ஒரு ஆய்வுக்கெல்லாம் ஆள் கிடைக்குமா? ஆனா ஹஜ்ஜுல இது தானாவே நடக்குது. ஒவ்வொரு நாட்டுக்கும் இத்தன பேருன்னு ஒதுக்கீடு இருக்கு. விண்ணப்பம் அதத் தாண்டி வந்தா சில நாடுகள்ல குலுக்கல்தான். நம்ம ஊர் ஹஜ் கமிட்டியில விண்ணப்பிச்சவங்களுக்கு அந்தப் படபடப்பு நல்லாத் தெரியும்.

2006 ஜனவரி ஹஜ்ஜுக்காகப் பாகிஸ்தான்ல நடந்த குலுக்கல மூணு பொருளாதார அறிஞர்கள் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாங்க. டேவிட் கிளிங்கிங்ஸ்மித், ஆசிம் இஜாஸ் க்வாஜா, மைக்கேல் கிரெமர். இதுல கிரெமர் 2019ல நோபல் பரிசு வாங்குனவர். ஹஜ் முடிஞ்சு சில மாசம் கழிச்சு, சீட்டு விழுந்தவங்க, விழாதவங்கன்னு 1,600 பேருக்கு மேல கேள்வி கேட்டாங்க. ரெண்டு பக்கமும் ஒரே ஆசை, ஒரே பக்தி. வித்தியாசம் அதிர்ஷ்டம் மட்டும்தான். ஆய்வு 2009ல வெளிவந்துச்சு.

என்ன தெரிஞ்சது? போய் வந்தவங்ககிட்ட தொழுகை, நோன்பு கூடியிருந்துச்சு. அது எதிர்பார்த்ததுதான். தாயத்து மாதிரியான உள்ளூர் வழக்கங்கள் மேல இருந்த பிடிப்பு குறைஞ்சிருந்துச்சு. மனசு விரியுதுன்னு நாம சந்தோஷப்படும்போது, ஊருக்கே உரிய சில விஷயம் கரைஞ்சு போறதும் அதே கணக்குல வரும். இத யாரும் சொல்றதில்ல. அப்புறம், வேற நாட்டு முஸ்லிம்கள் மேல மதிப்பு கூடியிருந்துச்சு. பொம்பளப் பிள்ளைங்க படிக்கிறதுக்கும் வேலைக்குப் போறதுக்கும் ஆதரவு கூடியிருந்துச்சு. பக்தி ஏறுனா அடுத்த மதத்துக்காரங்க மேல வெறுப்பும் ஏறும்னு ஒரு பயம் உண்டு இல்லையா? அது நடக்கல. சகிப்புத்தன்மைதான் கூடுச்சு.

எப்படி? மார்க்கப் படிப்பு கூடுனதாலயா? இல்ல, அந்த அறிவு பெருசா ஏறவே இல்லைன்னு தெரிஞ்சது. அப்போ அங்க வேற என்ன நடக்குது? ஹஜ்ஜுக்குப் போறவங்க தங்குற மினாவுல கண்ணுக்கு எட்டுன தூரம் கூடாரம். ஆம்பளைங்க எல்லாருக்கும் தையல் இல்லாத அதே ரெண்டு வெள்ளைத் துணி. முதலாளி யாரு, டிரைவர் யாருன்னு தெரியாது. கஅபாவச் சுத்தி வர்ற தவாஃப்ல ஆணும் பொண்ணும் ஒரே கூட்டத்துல நடக்குறாங்க. பொண்ணுங்க வெளிய வர்றதே அபூர்வமான ஊர்ல இருந்து போன ஒருத்தர், உலகம் பூராவும் இருந்து வந்த பொண்ணுங்க அதே மார்க்கத்த வேற மாதிரி வாழ்றத நாள்கணக்கா நேர்ல பாக்குறார்.

இன்னொரு தகவல்தான் எனக்கு முக்கியமாப் படுது. பெரிய குழுவாப் போனவங்கள விட, சின்னக் குழுவாப் போனவங்ககிட்ட மாற்றம் அதிகம். சொந்தக்காரங்க இருபது பேரா போனா, அங்கயும் நம்ம பேச்சு, நம்ம கூட்டம், நம்ம சண்டை. ரெண்டு மூணு பேராப் போனா முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட வழி கேட்டே ஆகணும். இங்க இருந்தே சமையல்காரரக் கூட்டிட்டு ஐரோப்பா போற டூர் எல்லாம் தப்புன்னு சொல்ல வரல, வயசானவங்களுக்கு ரசம் சாதம் வேணும்தான். ஆனா ஈஃபில் கோபுரம் கண்ணுல பட்டதால மட்டும் யார் சுபாவமும் மாறிடாது.

அதே ஆய்வுல கடைசியா ஒண்ணு இருக்கு. சீட்டு விழாத பெண்கள விட, போய் வந்த பெண்கள் உடம்பும் மனசும் சரியில்லன்னு அதிகமாச் சொல்லியிருக்காங்க. அலைச்சலும் நெரிசலும் ஒரு காரணமா இருக்கலாம்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. தன் வாழ்க்கைய எதோட ஒப்பிட்டுப் பாக்குறோம்ங்கிற அளவுகோலே மாறிப்போனதும் ஒரு காரணமா இருக்கலாமாம். எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது. வேற ஊர்ப் பொண்ணுங்க எப்படி இருக்காங்கன்னு பாத்தாச்சு. திரும்பி வந்த வீடு அப்படியேதான் இருக்கு.