மாதம் 110 டொலர் கட்டியும் நிறுத்த இடமில்லை

சிங்கப்பூர்வாசிகளில் பத்துப் பேரில் ஏறத்தாழ எட்டுப் பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில் குடியிருக்கிறார்கள். 1960இல் தொடங்கிய இந்தக் கழகத்தை அங்குள்ள தமிழர்கள் சுருக்கமாக ‘வீவக’ என்பார்கள். ஏழை எளியவருக்கும் சொந்த வீடு தந்த விதத்தில் பல நாடுகள் வந்து பார்த்துப் போகும் ஏற்பாடு அது. ஆனால் அதே புளோக்குகளின் கீழே, வாகனத் தரிப்பிடத்தில், குடியிருப்பாளர்களின் மனக்கசப்பு பல வருடமாகத் தீரவில்லை.

காரணத்தைத் தரையிலேயே பார்க்கலாம். சில கட்டங்களுக்குச் சிவப்புக் கோடு, சிலவற்றுக்கு வெள்ளைக் கோடு. சிவப்பு, மாதச் சீட்டு எடுத்தவர்களுக்கு ஒதுக்கியது. வெள்ளையில் வெளியாரும் நிறுத்தலாம். 2016 டிசம்பரில் கட்டணம் ஏறியபோது, நகர மையத்துக்கு வெளியே முதல் காருக்கான மாதச் சீட்டு திறந்தவெளியில் 80 டொலர், கூரையுள்ள இடத்தில் 110 டொலர் என்றானது.

இவ்வளவு கட்டியும் ‘இது உன் இடம்’ என்று ஒரு கட்டம் கிடைப்பதில்லை. அந்தத் தரிப்பிடத்துக்குள் நிறுத்திக்கொள்ளலாம் என்ற அனுமதிதான் கிடைக்கும். முந்தி வந்தவருக்கே இடம். வேலை முடிந்து இரவு பிந்தி வருகிறவர் மாடி மாடியாக ஏறி இறங்கி, கடைசியில் பக்கத்துப் புளோக்கில் விட்டுவிட்டுத் தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க நேர்கிறது. வயதான பெற்றோரைப் பார்க்கப் பகலில் வரும் மகனுக்கோ வேறு எரிச்சல்: சிவப்புக் கட்டங்கள் காலியாகக் கிடக்கும், அவன் வெள்ளையைத் தேடிச் சுற்றுவான். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறைகளிலும் பல தரிப்பிடங்கள் காலை 7 முதல் இரவு 10.30 வரை இலவசம். குடும்பங்கள் கூடட்டும் என்ற நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் அன்று நெரிசல் வேறு விதம்.

அங்கே கார் சும்மா வந்துவிடுவதில்லை. 1990 முதல், வாகனம் பதிய உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். அது பத்து வருடத்துக்கே செல்லும். 2023இல் சிறிய கார்களுக்கான சான்றிதழே ஒரு லட்சம் டொலரைத் தாண்டியது. காரின் விலை தனி. 2018 பெப்ரவரியிலிருந்து கார்களின் எண்ணிக்கை கூடவே கூடாது என்று வளர்ச்சி வீதத்தைப் பூச்சியமாக்கினார்கள். இத்தனையும் தாங்கி வண்டி வாங்கியவர், வீட்டு வாசலில் இடமில்லை என்றால் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. கார் இல்லாத அயலவரும் நியாயம் பேசுகிறார்: பொது நிலத்தை எத்தனை காலம் வண்டிகளுக்கே கொடுப்பது? எத்தனை கட்டம் சிவப்பு, எத்தனை வெள்ளை, ஏன் என்பதை ஒவ்வொரு புளோக்குக்கும் வெளிப்படையாகச் சொன்னால் பாதிக் கோபம் அடங்கும்.

இலங்கையில் கலவான, கேகாலைத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இது பணக்கார நாட்டுப் பிரச்சினையாகத் தோன்றலாம். அப்படி ஒதுக்கிவிட முடியாது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்களைக் கட்டிய வெள்ளைக்காரத் துரைமார், மலைக்கு நடந்து போகும் கூலிகளை மட்டுமே கணக்கில் எடுத்தார்கள். இன்று முச்சக்கரவண்டிதான் பல வீடுகளில் பிழைப்பு. பிரசவ வலி கண்டவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அதுதான். லயனின் வாசல்வரை பாதை வராத இடத்தில் வண்டி இரவெல்லாம் ரோட்டோரத்தில் நிற்கும், சொந்தக்காரருக்குத் தூக்கம் வராது.

2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் தருவதாக அறிவித்தார். அப்போதைய தோட்ட வீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி, அதில் 550 சதுர அடி வீடு என்று இருந்தது. புதிய வீடுகளிலும் இதே பிரச்சினை வராதிருக்க, காணி அளந்து முளை அடிக்கும்போதே ஒவ்வொரு வாசலுக்கும் முச்சக்கரவண்டி வந்து திரும்பும் அகலத்தில் பாதை விட வேண்டும். வீடு பெறப்போகும் குடும்பங்கள் அந்த வரைபடத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.