இரவுப் பத்து மணி ஷிப்ட் எந்த நாள் கணக்கு?

காலை ஒன்பதரைக்கு வந்து மாலை ஆறு மணிக்குக் கிளம்பும் அலுவலகமென்றால், ஹெச்ஆர் மென்பொருளில் வேலை நேரத்தைப் பதிவு செய்வது டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஸ்பின்னிங் மில், மருத்துவமனை, ஹோட்டல் என ஆட்கள் மாறி மாறி வரும் இடங்களில்தான் தலைவலி. மென்பொருள் வாங்கிப் பல மாதம் ஆகியும் டைம் ஆபீஸில் ஒரு எக்ஸெல் தாள் தனியாக ஓடிக்கொண்டிருந்தால், ஷிப்ட் அமைப்பில் எங்கோ கோளாறு இருக்கிறது.

பெரும்பாலும் கோளாறு இதுதான்: மூன்று தனித்தனி விஷயங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்வது. முதலாவது ஷிப்ட். எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது, இடைவேளை எவ்வளவு, எவ்வளவு தாமதம்வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது மட்டும் இதில் இருக்கும். ஆள் பெயர் இருக்காது. இரண்டாவது சுழற்சி. எந்த ஷிப்டுக்குப் பிறகு எந்த ஷிப்ட், விடுப்பு எப்போது என்ற வரிசை. மூன்றாவது ஒதுக்கீடு. இன்னார் இந்தத் தேதியிலிருந்து இந்தச் சுழற்சியில் இருக்கிறார் என்ற பதிவு. மென்பொருளுக்கு மென்பொருள் பெயர் மாறும். ஃப்ராப்பே ஹெச்ஆரில் முதலாவது 'ஷிப்ட் டைப்', மூன்றாவது 'ஷிப்ட் அசைன்மென்ட்'. பெயர் எதுவானாலும் இந்த மூன்றையும் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கணினி அப்புறம்.

ஏ ஷிப்ட் காலை 6 முதல் 2, பி ஷிப்ட் 2 முதல் இரவு 10, சி ஷிப்ட் இரவு 10 முதல் காலை 6. வருடம் முழுக்க நிற்காமல் ஓடும் ஆலையில் நான்கு குழுக்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாள் ஏ, இரண்டு நாள் பி, இரண்டு நாள் சி, இரண்டு நாள் விடுப்பு: எட்டு நாள் சுழற்சி. இதற்கு நான்கு சுழற்சிகளை உருவாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆளுக்கொன்று உருவாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். தேவையே இல்லை. சுழற்சி ஒன்றே போதும், தொடக்கத் தேதி மட்டும் மாறும். ஜூன் 1 அன்று ஏ ஷிப்டைத் தொடங்கும் குழுவுக்கு ஜூன் 1. அன்றே பி தொடங்கும் குழுவுக்கு மே 30. சி தொடங்குவோருக்கு மே 28. விடுப்பு தொடங்குவோருக்கு மே 26. நான்கும் தானாகவே ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சுற்றும். ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: நிறுவனம் முழுவதற்கும் 'ஞாயிறு வார விடுமுறை' என்று பொது அமைப்பில் இருந்தால், இந்தக் குழுக்களுக்கு அதை எடுத்துவிட வேண்டும். இவர்களுடைய விடுப்பு சுழற்சிக்குள்ளேயே வருகிறது.

இப்போது சி ஷிப்ட். அமைப்பு சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். தேதிக்குத் தேதி முதல் பஞ்ச் வருகை, கடைசி பஞ்ச் வெளியேற்றம் என்று மென்பொருள் கணக்கிட்டால் என்ன ஆகும்? காலை 6.05-க்கு வீட்டுக்குப் போக விரல் வைத்தவர், அன்றிரவு 9.50-க்கு மறுபடி வேலைக்கு வந்து விரல் வைக்கிறார். திரையில் 15 மணி 45 நிமிடம் வேலை செய்ததாக நிற்கும். உண்மையில் அந்த நேரம் முழுக்க அவர் ஆலைக்கு வெளியே இருந்தார்! சம்பளப் பட்டியலில் இது ஓவர்டைமாக ஏறினால் இரட்டைச் சம்பளம் வேறு.

இதற்கான விடை சட்டத்திலேயே இருக்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 57-வது பிரிவு, நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டில் பன்னிரண்டு மணிக்குப் பிறகு செய்த வேலையையும் முந்தைய நாள் கணக்கிலேயே சேர்க்கச் சொன்னது. அந்த ஷிப்டில் வேலை செய்பவருடைய வார விடுமுறை, ஷிப்ட் முடிந்த நேரத்திலிருந்து தொடர்ச்சியாக 24 மணி நேரம். அந்தச் சட்டத்தின் இடத்தைப் பிடித்த பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே ஏற்பாடு தொடர்கிறது. ஞாயிறு விடுமுறை உள்ள மில்லில் சனி இரவு பத்துக்கு ஏறியவர் ஞாயிறு காலை ஆறுக்கு இறங்குகிறார். அவருக்கு ஞாயிறு என்பது அப்போதுதான் தொடங்கி, திங்கள் காலை ஆறுக்கு முடிகிறது. காலண்டரை மட்டும் பார்க்கும் மென்பொருளோ, விடுமுறை நாளில் ஆறு மணி நேரம் வேலை பார்த்ததாக எழுதிவிடும். அதனால் சி ஷிப்டில் வருகையை 'ஷிப்ட் தொடங்கிய தேதி'யில் பதியும் வசதி இருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். இல்லையென்றால், விற்பவர் காட்டும் வண்ண வண்ண வரைபடங்களால் உங்களுக்குப் பயனில்லை.

கூடவே பஞ்ச் எல்லையையும் அமைக்க வேண்டும்: ஷிப்டுக்கு எத்தனை நிமிடம் முன்பு வைத்த விரல் வருகையாகும், முடிந்து எத்தனை நிமிடம் வரை வைத்தது வெளியேற்றமாகும் என்பது. ஒரு மணி நேரம் சாதாரணமாகப் போதும். ஆனால் ஆள் வராத நாளில் ஏ முடித்து அப்படியே பி-யும் பார்க்கிறவர் இடையில் விரல் வைக்க மாட்டார். அந்த நாளைச் சூப்பர்வைசர் கையால் திருத்தட்டும். அதற்காக எல்லையை அகலமாக்கினால் மற்ற எல்லாருடைய கணக்கும் கலங்கும். சீக்கிரம் வந்து கேன்டீனில் உட்கார்ந்திருக்கும் இருபது நிமிடம் ஓவர்டைம் ஆகாமலிருக்க, ஒப்புதல் பெற்ற கூடுதல் நேரம் மட்டுமே கணக்கில் ஏறும்படி வையுங்கள்.

ஷிப்ட் நேரம் மாறும்போது பழைய ஷிப்டைத் திறந்து திருத்தவே திருத்தாதீர்கள். ஆறு முதல் இரண்டு என்பதை ஆறரை முதல் இரண்டரை என்று மாற்றிச் சேமித்தால், சில மென்பொருள்கள் போன மாத வருகையையும் புது நேரத்தை வைத்து மறுபடி கணக்கிடும். அன்று முறையாக இரண்டு மணிக்குக் கிளம்பியவர்கள் எல்லாரும் முன்கூட்டியே போனவர்களாகிவிடுவார்கள். புதுப் பெயரில் புது ஷிப்ட் உருவாக்கி, இன்ன தேதியிலிருந்து என்று ஒதுக்குங்கள். தொழிலாளர்கள் தங்களுக்குள் ஷிப்ட் மாற்றிக்கொள்வதற்கு வேறு வழி வேண்டும். அது வாட்ஸப் குழுவில் நடக்கிறவரை மென்பொருளுக்குத் தெரியப்போவதில்லை. ஒப்புதல் அதிகாரத்தை மேனேஜரிடம் வைக்காமல் ஷிப்ட் சூப்பர்வைசரிடம் கொடுங்கள். இரவு ஒன்பது மணிக்கு வரும் கோரிக்கைக்கு அவர்தான் பதில் சொல்ல முடியும்.

சோதனைக்கு ஒரே ஒரு பிரிவை எடுத்து, பழைய கணக்கையும் புதியதையும் ஒரு சம்பள மாதம் சேர்த்தே ஓட்டுங்கள். முதலில் பார்க்க வேண்டியது மாதக் கடைசி இரவு. 31-ஆம் தேதி பத்து மணிக்கு ஏறிய ஷிப்டின் எட்டு மணி நேரமும் அந்த மாதச் சம்பளத்தில் விழுந்திருக்க வேண்டும். இரண்டு மணி அங்கும் ஆறு மணி இங்குமாகப் பிரிந்து கிடந்தால், அடுத்த பிரிவுக்குப் போகாதீர்கள்.