கொல்லன் கடனும் வீரன் கடனும்

சென்ற கிழமை உயர்தர வகுப்பிலே புறநானூறு நடத்திக்கொண்டிருந்தேன். பொன்முடியார் பாடிய செய்யுள் அது. மகனைப் பெற்று வளர்ப்பது தனக்கும், அவனைச் சான்றோனாக்குவது தந்தைக்கும், வேல் செய்து தருவது கொல்லனுக்கும், நன்னெறியில் நிறுத்துவது வேந்தனுக்கும், களத்தில் நின்று பொருவது மகனுக்கும் உரிய பொறுப்புக்கள் என்று மறக்குடித் தாயொருத்தி பங்கிட்டுரைப்பதை விளக்கி முடித்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"சேர், களத்திலிருந்து திரும்பியவன் அந்தக் கொல்லனோடேயே பங்குக்குச் சேர்ந்துவிட்டால், இனி எத்தனை வேல் வேண்டுமென்று அரசனுக்கு யார் சொல்வது?"

மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் கலைந்தனர். வினாவோ என்னோடு வீடுவரை வந்தது.

அதன் கருத்தை விளங்கிக்கொள்ளக் கல்முனைக்கு மேற்கேயுள்ள வயல்வெளியே போதும். சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் வட்டையிலே பணியாற்றிய கமத்தொழில் போதனாசிரியர் ஒருவர் இளைப்பாறினார். இன்ன நோய்க்கு இன்ன கிருமிநாசினி என்று பல போகங்களாக அவர் சொன்னதையே எம்மவர் வேதவாக்காகக் கொண்டிருந்தனர். இளைப்பாறிய மறுமாதமே அந்தக் கிருமிநாசினியை விற்கும் கம்பெனியின் முகவராக அவர் வந்து நின்றார். அவர் செய்ததிலே சட்டப்பிழை ஒன்றுமில்லை. ஆயினும் முதிய விவசாயி ஒருவர் வரம்பில் நின்று என்னைக் கேட்டார்: "மாஸ்டர், இவர் இவ்வளவு காலமும் சொன்ன மருந்து வயலுக்கா, கம்பெனிக்கா? இப்பதான் யோசினையா இரிக்கி."

நேற்றுவரை நல்கிய ஆலோசனை அனைத்தும் இன்று ஏற்ற பதவியினால் ஐயத்துக்குள்ளாகிறது. கிருமிநாசினியிலே இவ்வாறாயின், பீரங்கியிலும் போர்விமானத்திலும் எவ்வாறாகும்?

அமெரிக்க நாட்டில் இவ்வினா நெடுநாள் முன்பே எழுந்தது. 1959இல் அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழுவொன்று, பெரிய ஆயுதக் கம்பெனிகள் நூற்றில், மேஜர் நிலைக்குக் குறையாத இளைப்பாறிய அதிகாரிகள் 1,400 பேருக்கு மேல் ஊழியம் பார்ப்பதைக் கண்டது. 1961 ஜனவரி 17ஆம் நாள், பதவியினின்று விடைபெற்ற ஜனாதிபதி ஐசனோவர், படையும் ஆயுதத்தொழிலும் ஒன்றோடொன்று பிணைந்து பெறும் மிகைச்செல்வாக்கைக் குறித்துத் தம் மக்களை எச்சரித்தார். அவர்தாமும் பெருஞ்சேனைகளை நடத்திய தளபதியாதலின், அவ்வெச்சரிக்கையைப் படையறியாதவர் பேச்சென்று ஒருவரும் தள்ள முடியவில்லை.

எச்சரிக்கை ஏட்டில் நின்றது, வழக்கமோ வளர்ந்தது. 2018 முதல் 2023 வரையுள்ள ஐந்தாண்டுகளில் அந்நாட்டிலே இளைப்பாறிய, நான்கு நட்சத்திரம் பூண்ட உச்சநிலைத் தளபதிகள் 32 பேரில் 26 பேர் இயக்குநராகவோ ஆலோசகராகவோ வேறு வகையாகவோ ஆயுதத்தொழிலைச் சார்ந்தனர் என்று 2023இல் வெளிவந்த ஆய்வொன்று கூறுகிறது. ஜெனரல் லொயிட் ஒஸ்ரின் 2016இல் இளைப்பாறி, ரேதியோன் என்னும் ஆயுதக் கம்பெனியின் இயக்குநர் சபையில் அமர்ந்து, 2021 ஜனவரியில் நாட்டின் பாதுகாப்புச் செயலாளரானார். படையிலிருந்து கம்பெனிக்கும், கம்பெனியிலிருந்து அரசுக்கும் செல்லும் வாயில் ஒன்றே என்பதை இது காட்டும்.

தூரதேசத்துக் கதை நமக்கெதற்கு என்பார் காலித் துறைமுகத்தை நினைக்கட்டும். நம் நாட்டிலே பீரங்கி வார்க்கும் பெருந்தொழில் இல்லை. ஆனால் ஆயுதக்காவல் என்னும் வணிகம் உண்டு. சோமாலியக் கடற்கொள்ளையருக்கு அஞ்சி வணிகக் கப்பல்கள் துப்பாக்கி தாங்கிய காவலரைக் கூலிக்கு அமர்த்திய காலத்தில், காலியில் கடற்படை பார்த்துவந்த பணி, இளைப்பாறிய இராணுவ மேஜர் ஒருவர் தலைமை தாங்கிய அவன்ட் கார்ட் என்னும் தனியார் கம்பெனியிடம் சென்றது. பாதுகாப்பு அமைச்சின் கீழ் 2006இல் தோன்றிய ரக்னா ஆரக்ஷக லங்கா என்னும் அரச கம்பெனி அதற்குத் துணைநின்றது. 'மஹநுவர' என்னும் கப்பல் மிதக்கும் ஆயுதக்களஞ்சியமாயிற்று. 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும் பொலிசார் அக்கப்பலைச் சோதித்தனர். அவ்வாண்டு நவம்பரில் அப்பணி மீண்டும் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. இவ்விவகாரத்திலே சட்டம் ஒழுங்கு அமைச்சர் ஒருவர் பதவி துறந்தார், வழக்குகளும் தொடுக்கப்பட்டன. குற்றவாளி யார் என்று தீர்த்தல் என் வேலையன்று. ஒருவரிடத்தும் குற்றமே இல்லை என்று கொள்ளினும், அரசின் படைக்கலம் எங்கே முடிகிறது, தனியார் கடைச்சரக்கு எங்கே தொடங்குகிறது என்பதைப் பொதுமக்கள் அறியமுடியாத நிலை அன்று உண்டாயிற்று. அதுவே யான் அஞ்சுவது.

"இளைப்பாறியவன் பட்டினி கிடப்பதா? கற்ற தொழிலையன்றோ செய்வான்?" என்று கேட்பாருளர். நியாயமே. குடும்பத்தைக் காக்கக் கப்பற்காவலுக்குச் சென்ற சாதாரண சிப்பாயை யான் குறைகூறேன். அவன் விற்பது தன் உழைப்பை. மேல்நிலை அதிகாரி விற்பதோ தன் உழைப்பை மட்டுமன்று. அமைச்சின் கதவு தனக்குத் திறக்கும் என்ற உறுதியையும், தன் கீழிருந்தோர் இன்றும் எழுந்து நிற்கும் மரியாதையையும் சேர்த்தே விற்கிறான். அவை நாடு அவனுக்குக் கொடுத்தவை, அவன் சொத்தல்ல. இளைப்பாறிய உயர்தளபதிகள் இரண்டாண்டுகளுக்குப் பாதுகாப்புத் திணைக்களத்திடம் கம்பெனிகளுக்காகப் பரிந்துபேசலாகாது என்று அமெரிக்கச் சட்டம் இன்று தடுக்கிறது. கம்பெனியில் அமர்வதை அது தடுக்கவில்லை. ஆயினும் சிறு வரம்பேனும் வரம்பே. வரம்பில்லாத வயலில் நீர் நில்லாது.

இக்கரையிலிருந்து இதை எழுதுவதற்குக் காரணமுண்டு. 1990இல் எனக்கு வயது இருபது. அவ்வாண்டு முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் ஒருசேர அழுதன. நாம் ஜனாஸாக்களை எண்ணினோம். அயலூரார் பிரேதங்களை எண்ணினர். அத்துப்பாக்கிகளும் ஏதோவொரு தேசத்தில், ஏதோவொரு கம்பெனியில், விலைபேசி விற்கப்பட்டவையே. அங்கும் ஒருவர் எண்ணியிருப்பார். அவர் எண்ணியது பணத்தை.

நாளை அம்மாணவிக்கு விடை சொல்லவேண்டும். அந்தத் தாய் பங்கிட்ட பொறுப்புக்களிலே திரும்பிவந்தவனுக்கென ஒன்றுமில்லை. அவள் காலத்தில் அதற்குத் தேவை இருந்திராது. இன்று உண்டு. எத்தனை வேல் வேண்டும் என்று வேந்தனுக்குச் சொல்பவன், வேலின் விலையிலே பங்கு பெறாதவனாயிருத்தல் வேண்டும். இளைப்பாறியவனுக்கு அதுவே கடன். அதனைச் சட்டமாக்குதல் வேந்தனுக்குக் கடன். அவன் மறந்தால் நினைவூட்டுதல், பின்வரிசையிலிருந்து எழுந்து கேட்கும் பிள்ளைகளுக்குக் கடன்.